ஏ.பி. உயிரியலைத் தாமே படிப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும், கல்லூரி அளவிலான பாடமாகிய ஏ.பி. (Advanced Placement) உயிரியலின் தேர்வை வகுப்பில் சேராமல் தாமே படித்து எழுதுவது பற்றிப் பல கடிதங்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்கள் ஒரு கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் பதினோராம் வகுப்பு மாணவி. எங்கள் பள்ளியில் ஏ.பி. உயிரியல் வகுப்பு இல்லை. வகுப்பில் படிக்காதவர் இந்தத் தேர்வை எழுத அனுமதி உண்டா? யாரிடம் பதிவு செய்ய வேண்டும்?

பதில்: அனுமதி உண்டு. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு, அந்தப் பாடத்தை வகுப்பில் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் மாணவர் நேரடியாகப் பணம் கட்டிப் பதிவு செய்துகொள்ள முடியாது. ஏதேனும் ஒரு பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான் பதிவு செய்ய வேண்டும். உங்கள் பள்ளியில் வேறு ஏ.பி. தேர்வுகள் நடக்கின்றன என்றால், முதலில் அந்த ஒருங்கிணைப்பாளரிடமே கேளுங்கள். வகுப்பு நடத்தாத பாடத்துக்கும் அவர் தேர்வுக்கு ஏற்பாடு செய்யலாம். அங்கே எந்த ஏ.பி. தேர்வும் நடப்பதில்லை என்றால், எந்தப் பள்ளிகளில் ஏ.பி. உயிரியல் கற்பிக்கப்படுகிறது என்பதைக் காலேஜ் போர்டின் இணையப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடித்து, வெளி மாணவரைச் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரிக்க வேண்டும். சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இடமும் குறைவாகவே இருக்கும்.

தேர்வு நடப்பது மே மாதத்தில் என்றாலும், பள்ளிகள் தேர்வு எழுதுவோரின் எண்ணிக்கையை நவம்பர் நடுவிலேயே தெரிவித்துவிட வேண்டியிருக்கிறது. ஆகவே ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலேயே விசாரணையைத் தொடங்குங்கள். ஆண்டு முழுவதும் ஒழுங்காகப் படித்துவிட்டு, மார்ச் மாதத்தில் இடம் தேடிக் கிடைக்காமல் போவதைப் போன்ற வருத்தம் வேறில்லை. கட்டணம் ஏறத்தாழ 100 டாலர். தாமதமாகப் பதிவு செய்தால் கூடுதல் தொகை உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகையும் உண்டு. உடல்நிலை அல்லது கற்றல் குறைபாடு காரணமாகத் தேர்வில் கூடுதல் நேரம் தேவைப்படுபவர், அதற்கான அனுமதியைத் தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டும். அதற்கும் பல வாரங்கள் பிடிக்கும்.

கேள்வி: கல்லூரி அளவிலான பாடநூலை இரண்டு முறை முழுவதும் படித்துவிட்டேன். முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடிட்டுக் குறிப்பும் எடுத்திருக்கிறேன். ஆனால் பழைய வினாக்களை எடுத்து எழுதிப் பார்த்தால் பாதி மதிப்பெண்கூட வருவதில்லை. மூன்றாம் முறையும் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். தாமே படிப்பவர்களில் பெரும்பாலோர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்தத் தேர்வு மொத்தம் மூன்று மணி நேரம். முதல் 90 நிமிடங்களில் 60 பலவுள் தெரிவு வினாக்களும், அடுத்த 90 நிமிடங்களில் 6 விரிவிடை வினாக்களும் வருகின்றன. இரண்டு பகுதிகளுக்கும் சரிபாதி மதிப்பு. விரிவிடை வினாக்களில் முதல் இரண்டும் நீளமானவை, ஒவ்வொன்றுக்கும் 9 புள்ளிகள். மற்ற நான்கும் சிறியவை, ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளிகள். நீளமான வினாக்கள் இரண்டுமே ஏதேனும் ஒரு சோதனையை விவரித்து, அதன் முடிவுகளைத் தந்து, அவற்றிலிருந்து என்ன சொல்ல முடியும் என்று கேட்பவை. அந்தச் சோதனையில் வரும் உயிரினத்தையோ புரதத்தையோ நீங்கள் முன்பின் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்பட்டிருக்க வேண்டும் என்று தேர்வாளரும் எதிர்பார்ப்பதில்லை. அறிந்த கோட்பாட்டை அறியாத சூழ்நிலையில் பொருத்திப் பார்க்கிறீர்களா என்பதே அங்கே சோதிக்கப்படுகிறது. இந்தத் திறன் வாசிப்பதால் வருவதில்லை. எழுதி, திருத்தி, மீண்டும் எழுதுவதால் வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு வழியே புரோட்டான்களைக் கசியவிடும் டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளைச் செல்களில் சேர்த்தால், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி.யின் உற்பத்தி என்னவாகும், ஏன் என்று ஒரு வினா கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘மைட்டோகாண்ட்ரியா பாதிக்கப்படுவதால் ஏ.டி.பி. குறையும்’ என்று எழுதினால், என்ன நடக்கும் என்பதற்கு ஒரு புள்ளி கிடைக்கலாம். ஏன் என்பதற்கு எதுவும் கிடைக்காது. ‘புரோட்டான்கள் சவ்வு வழியே நேரடியாகத் திரும்பிவிடுவதால் இரு பக்கங்களுக்கும் இடையே இருந்த செறிவு வேறுபாடு குறைகிறது, அதனால் ஏ.டி.பி. சின்தேஸ் நொதியின் வழியே பாயும் புரோட்டான்கள் குறைந்து, ஏ.டி.பி. உற்பத்தியும் குறைகிறது’ என்று எழுதும்போது காரணமும் விளைவும் இடைவெளியில்லாமல் இணைகின்றன. அடுத்த பகுதியில் ஆக்சிஜன் பயன்பாடும் குறையுமா என்று கேட்டால், நூலை மனப்பாடம் செய்தவர் தயக்கமின்றிக் ‘குறையும்’ என்று எழுதிவிடுவார். எலக்ட்ரான் கடத்தல் தொடர்ந்து நடப்பதால் ஆக்சிஜன் பயன்பாடு குறைவதில்லை, கூடவும் செய்யலாம் என்று எழுத, அந்தத் தொடரின் ஒவ்வொரு படியும் எதற்காக இருக்கிறது என்பது புரிந்திருக்க வேண்டும்.

பழைய விரிவிடை வினாக்களை விடைக்குறிப்புகளோடும், மாணவர்கள் உண்மையில் எழுதிய மாதிரி விடைகளோடும் காலேஜ் போர்டு தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. தலைமைத் தேர்வாளர் ஆண்டுதோறும் எழுதும் அறிக்கையும் அங்கேயே கிடைக்கும். எந்த இடத்தில் பெரும்பாலோர் தவறினார்கள், எப்படிப்பட்ட விடைக்குப் புள்ளி தரப்படவில்லை என்பதையெல்லாம் அது வினாவாரியாகச் சொல்கிறது. ஆசிரியர் இல்லாத குறையை ஓரளவுக்காவது ஈடுசெய்வது அந்த அறிக்கைதான் என்பது என் உறுதியான கருத்து. 2013 முதல் 2019 வரை 8 விரிவிடை வினாக்கள் இருந்தன. 6 வினாக்கள் என்ற இன்றைய அமைப்பு அதற்குப் பிறகு வந்தது. எனவே அண்மை ஆண்டுகளின் வினாக்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுங்கள். 2013-க்கு முற்பட்டவை வேறு நோக்கில் அமைந்தவை. அவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

எழுதி முடித்ததும் உடனே விடைக்குறிப்பைப் பார்க்காதீர்கள். ஒரு நாள் கழித்து, வேறொருவருடைய விடைத்தாளைத் திருத்துவதாக எண்ணிக்கொண்டு, குறிப்பில் உள்ள சொற்கள் உங்கள் விடையில் உண்மையாகவே இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘நான் நினைத்தது அதைத்தான்’ என்று சொல்லித் தனக்குத்தானே புள்ளி போட்டுக்கொள்வது தனியாகப் படிப்பவரின் பெரிய சோதனை. திருத்துபவர் தாளில் இருப்பதை மட்டுமே படிப்பார்.

வினாவில் வரும் ஏவல் சொற்களையும் கவனியுங்கள். அடையாளம் காட்டச் சொன்னால் ஒரு வரி போதும். விவரிக்கச் சொன்னால் தன்மைகளைச் சொல்ல வேண்டும். விளக்கச் சொன்னால் எப்படி அல்லது ஏன் என்பது வந்தாக வேண்டும். நியாயப்படுத்தச் சொன்னால் சான்றையும், அந்தச் சான்று உங்கள் கூற்றை எவ்வாறு தாங்குகிறது என்பதையும் எழுத வேண்டும். இரண்டு எடுத்துக்காட்டுகள் கேட்ட இடத்தில் மூன்று எழுதுவதால் பயன் இல்லை.

கேள்வி: என் மகன் கிரெப்ஸ் சுழற்சியின் எல்லா இடைப்பொருள்களையும், நொதிகளின் பெயர்களையும், மனித உடலின் எலும்புகளையும்கூட மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். பிள்ளை உழைப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் இரவில் வெகுநேரம் விழிக்கிறான். இவ்வளவும் தேவையா?

பதில்: தேவையில்லை, அம்மா. மகனிடம் தயவுசெய்து இன்றே சொல்லுங்கள். காலேஜ் போர்டு வெளியிடும் பாடத்திட்ட ஆவணத்தில், தேர்வில் கேட்கப்படாதவை எவை என்பதும் ஆங்காங்கே வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. செல் சுவாசத்தின் கட்டங்களான கிளைக்காலிசிஸ், கிரெப்ஸ் சுழற்சி ஆகியவற்றின் தனித்தனிப் படிகளும் நொதிப் பெயர்களும் அப்படி விலக்கப்பட்டவைதான். மரபுக்குறியீட்டு அட்டவணையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தேவைப்படும் வினாவில் அதைத் தந்துவிடுவார்கள். எலும்புகள் பாடத்திலேயே இல்லை. மனித உறுப்பு மண்டலங்கள் இப்போது தனிப் பிரிவாக இல்லாமல், செல் தொடர்பு, பின்னூட்டம் போன்ற கருத்துகளுக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே தலைகாட்டுகின்றன.

பாடநூல்கள் கல்லூரி மாணவருக்காக ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதப்பட்டவை. தேர்வுக்கு உரிய பகுதி அதைவிட மிகவும் குறைவு. ஆகவே பாடத்திட்ட ஆவணத்தை முதலில் அச்செடுத்து, அதை மேசையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை மட்டும் நூலில் தேடிப் படிக்க வேண்டும். பாடம் எட்டுப் பிரிவுகளாக இருக்கிறது: உயிரின் வேதியியல், செல் அமைப்பும் பணியும், செல் ஆற்றலியல், செல் தொடர்பும் செல் சுழற்சியும், மரபுவழி, மரபணு வெளிப்பாடு, இயற்கைத் தேர்வு, சூழலியல். பலவுள் தெரிவு வினாக்களில் இயற்கைத் தேர்வுக்கு 13 முதல் 20 சதவீதம் வரையும், செல் ஆற்றலியல், மரபணு வெளிப்பாடு ஆகிய இரண்டுக்கும் தலா 12 முதல் 16 சதவீதம் வரையும் இடம் உண்டு. உயிரின் வேதியியலுக்கும் மரபுவழிக்கும் 8 முதல் 11 சதவீதம்தான். முதல் பிரிவு எளிதாக இருப்பதால் அதிலேயே இரண்டு மாதம் தங்கிவிட்டு, இயற்கைத் தேர்வையும் சூழலியலையும் ஏப்ரலில் அவசரமாகப் புரட்டுவது பலர் செய்யும் பிழை.

பெயர்களுக்குப் பதிலாக உங்கள் மகன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியவை வேறு. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஓர் ஏற்பியில் சடுதிமாற்றம் ஏற்பட்டு, சமிக்ஞை மூலக்கூறு வராதபோதும் அது இயங்கிக்கொண்டே இருந்தால், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு படியும் என்னவாகும்? இடையில் உள்ள ஒரு புரதத்தை மட்டும் தடுத்தால் அந்த விளைவு நிற்குமா? இப்படி ஒரு படியை மாற்றி, மற்றவற்றில் வரும் மாற்றத்தைத் தாளில் எழுதிப் பார்ப்பது ஒரு மணி நேர மனப்பாடத்தைவிட அதிகம் தரும். தூக்கத்தைக் குறைத்துப் படிப்பதால் பயனில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். படித்தது நினைவில் பதிவதற்கே தூக்கம் வேண்டும்.

கேள்வி: உயிரியல் பிடிக்கும், கணக்கு பயம். புள்ளியியல் எவ்வளவு வரும்?

பதில்: அளவோடு வரும், ஆனால் தவிர்க்க முடியாது. சூத்திரத் தாள் தேர்விலேயே தரப்படுகிறது, கால்குலேட்டரும் அனுமதிக்கப்படுகிறது. ஆகவே பயம் கணக்கைப் பற்றியதாக இருக்கத் தேவையில்லை. கணக்கின் முடிவு என்ன சொல்கிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

கிடைத்த எண்ணிக்கை எதிர்பார்த்ததோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனையை (chi-square) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கலப்பில் 3:1 விகிதம் எதிர்பார்க்கிறோம். கிடைத்த 100 செடிகளில் 80 ஊதாப் பூக்களும் 20 வெள்ளைப் பூக்களும் இருக்கின்றன. எதிர்பார்த்தவை 75, 25. வேறுபாடு இரண்டிலும் 5. அதன் வர்க்கம் 25. அதை 75-ஆல் வகுத்தால் 0.33, 25-ஆல் வகுத்தால் 1, கூட்டினால் 1.33. இரண்டு வகைகள் இருப்பதால் வரையற்ற பாகை (degrees of freedom, அதாவது வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 1, அதற்கு 0.05 அளவில் அட்டவணை தரும் மாறுநிலை மதிப்பு 3.84. நம்முடைய மதிப்பு அதைவிடக் குறைவு என்பதால் இன்மைக் கருதுகோளை, அதாவது செடிகள் 3:1 விகிதத்தையே பின்பற்றுகின்றன என்ற கருதுகோளை, நிராகரிக்க இயலாது. அதாவது, 3:1 என்ற எதிர்பார்ப்பிலிருந்து காணப்படும் விலகல் தற்செயலாகவே நேரக்கூடிய அளவில்தான் இருக்கிறது. இந்த இடத்தில் ‘கருதுகோள் நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதுவது தவறு. கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு இந்த ஒரு சொல்லில் புள்ளியை இழப்பவர்கள் உண்டு.

வரைபடங்களில் வரும் பிழைக்கோடுகளும் அப்படித்தான். சராசரிக்கு மேலும் கீழும் இரண்டு திட்டப்பிழை (standard error) அளவுக்குக் கோடுகள் வரையப்பட்டிருந்து, இரு குழுக்களின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், அந்தக் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாது. படியாவிட்டால் சொல்லலாம். இரண்டாம் விரிவிடை வினாவில் வரைபடத்தை நீங்களே வரைய வேண்டியிருக்கும். அச்சுகளுக்குப் பெயரும் அலகும் எழுதுவது, சம இடைவெளியுள்ள அளவுகோல், பட்டை வரைபடமா கோட்டு வரைபடமா என்ற தேர்வு, பிழைக்கோடுகள் ஆகிய ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் புள்ளி தரப்படுகிறது. தாளில் கையால் வரைந்து பழகுங்கள். ஓர் உயிரினக் கூட்டத்தில் மரபணு வகைகளின் விகிதத்தைக் கணக்கிடும் ஹார்டி-வைன்பெர்க் சமன்பாட்டுக்கும் தனியாகச் சில நாள்கள் ஒதுக்குங்கள். ஒடுங்கு பண்புடைய உயிரிகளின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுப்பதில் தொடங்கினால் மற்றவை தாமாக வரும்.

கேள்வி: ஆய்வகம் இல்லாமல் படிக்கிறேன். அது பெரிய குறையாகிவிடுமா?

பதில்: குறைதான். முறையான ஏ.பி. உயிரியல் வகுப்பில் கற்பிக்கும் நேரத்தில் கால் பங்கு செய்முறைக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. காணொளிகளில் பார்ப்பது உதவும் என்றாலும், அளவீடுகள் ஒன்றுக்கொன்று ஏன் வேறுபடுகின்றன, ஒரே அளவீட்டை ஏன் பலமுறை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் கையால் செய்யும்போதுதான் உறைக்கிறது. நல்ல வேளையாக, மிக முக்கியமான ஒரு சோதனையை வீட்டிலேயே செய்துவிடலாம்.

ஒரே அளவில் வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டுகளை எடையிட்டு, வெவ்வேறு செறிவுள்ள சர்க்கரைக் கரைசல்களில் பல மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தைத் துடைத்து மீண்டும் எடையிடுங்கள். சர்க்கரையின் மோலார் நிறை 342 கிராம் என்பதால், 1 லிட்டர் கரைசலில் 342 கிராம் இருந்தால் அது 1 மோலார். எடை மாற்றத்தைச் சதவீதமாக்கி, செறிவுக்கு எதிராக வரைந்தால், கோடு ஓர் இடத்தில் சுழியைக் கடக்கும். அந்தச் செறிவில் கிழங்குக்குள் நீர் நிகரமாக நுழையவும் இல்லை, வெளியேறவும் இல்லை. அது 0.3 மோலார் என்றும், அறையின் வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸ், அதாவது 295 கெல்வின் என்றும் கொள்வோம். சர்க்கரை அயனியாவதில்லை என்பதால் அயனியாதல் மாறிலி 1. அதை 0.3, அழுத்த மாறிலி 0.0831, 295 ஆகியவற்றோடு பெருக்கி எதிர்க்குறி இட்டால் கரைபொருள் திறன் ஏறத்தாழ -7.35 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). திறந்த பாத்திரத்தில் உள்ள கரைசலின் அழுத்தத் திறன் சுழி. எனவே இந்த இரண்டின் கூட்டுத்தொகையாகிய நீரியல் திறன், அதாவது நீர் நகரும் போக்கின் அளவு, கிழங்குச் செல்களிலும் -7.35 பார்தான். இந்த எண்ணை உங்கள் கையால் ஒருமுறை பெற்றுவிட்டால், நீர் எந்தத் திசையில் நகரும் என்ற வினா உங்களைக் குழப்பாது.

செய்து முடித்ததும் சாரா மாறி எது, சார்ந்த மாறி எது, கட்டுப்பாட்டுக் குழு எது, மாறாமல் வைத்திருக்க வேண்டியவை எவை என்று எழுதிவையுங்கள். மூன்றாம் விரிவிடை வினா அறிவியல் ஆய்வைப் பற்றியது. அது கேட்பது இவற்றைத்தான்.

கேள்வி: மகள் மருத்துவம் படிக்க விரும்புகிறாள். இதில் 5 வாங்கினால் கல்லூரியில் உயிரியலை விட்டுவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணில் எதற்கு எவ்வளவு கல்லூரிப் பாட வரவு (credit) என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் சில, முன்தகுதிப் பாடமான உயிரியலுக்கு ஏ.பி. மதிப்பெண்ணை ஏற்பதில்லை, வேறு சில, அதற்கு மேற்பட்ட உயிரியல் பாடங்களைக் கல்லூரியில் படித்திருக்கச் சொல்கின்றன. மகள் இதைப் படிப்பதற்கு ஆர்வமே போதுமான காரணம்.

கேள்வி: ஜனவரியில் தொடங்கினால் முடியுமா? தேர்வு நாளில் நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில்: ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் உயிரியலும் வேதியியலும் நன்றாகப் படித்திருந்து, தேர்வுக்கான பதிவும் முடிந்திருந்தால் முடியும். வேதியியல் அடிப்படை இல்லாதவர் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பதே நல்லது என்பேன். ஜனவரியில் தொடங்குபவர் மார்ச் இறுதிக்குள் எட்டுப் பிரிவுகளையும் ஒருமுறை முடித்துவிட வேண்டும். படிக்கும் காலத்திலேயே வாரம் ஒரு விரிவிடை வினாவாவது எழுத வேண்டும். ஏப்ரல் முழுவதும் எழுதவும் திருத்தவும் மட்டுமே.

2025 மே முதல் வினாக்கள் புளூபுக் என்ற செயலியில், திரையில் வருகின்றன. பலவுள் தெரிவு விடைகளைத் திரையிலேயே குறிக்க வேண்டும். விரிவிடைகளைத் தரப்படும் தாளில் கையால் எழுத வேண்டும். திரையில் படித்துத் தாளில் எழுதுவது பழக்கம் இல்லாவிட்டால் நேரத்தை விழுங்கும் என்பதால், செயலியில் உள்ள மாதிரித் தேர்வை முன்கூட்டியே செய்து பாருங்கள். பலவுள் தெரிவில் ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கிறது; தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை, ஆகவே எதையும் விடாமல் குறியுங்கள். விரிவிடையில் நீளமான இரண்டுக்கும் தலா 25 நிமிடம், சிறியவற்றுக்குத் தலா 10 நிமிடம் என்று வைத்தால் 90 நிமிடமும் சரியாக நிறையும். முதலில் ஆறு வினாக்களையும் ஒருமுறை படித்துவிட்டு, நன்கு தெரிந்ததிலிருந்து தொடங்கலாம்; வரிசைப்படி எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்னுரை எழுதாதீர்கள், வினாவைத் திரும்ப எழுதாதீர்கள். எந்தப் பகுதிக்கான விடை என்பதைத் தெளிவாகக் குறித்து, முழு வாக்கியங்களில் எழுதுங்கள். வெறும் பட்டியலுக்கும் வெறும் படத்துக்கும் புள்ளி கிடையாது. முதல் பகுதி தெரியாவிட்டால் அதற்காக வினாவையே கைவிட வேண்டாம். அடுத்தடுத்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் தனித்தனியாகவே புள்ளி தரப்படுகிறது.